பிரேக் பிடிக்கவில்லை

எங்கள் அச்சகத்தில் கழித்துப்போட்ட டைரிகளில்தான் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு வருடத்து டைரியில் மார்ச் மாதம் இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் அட்டை தலைகீழ். விற்பனைக்கு ஆகாவிட்டாலும் எழுதுவதற்கு ஆகும். இருபத்து மூன்று வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. மழை பெய்த நேரம், கரண்ட் போன நேரம், வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தப் புத்தகத்தை எத்தனையாம் பக்கத்தில் மூடினேன் என்று எல்லாம் இருக்கும். சிவகாசியில் காலண்டர் பிழை திருத்துவது என் வேலை. தேதி பார்க்கிற பழக்கம் வேலை முடிந்த பிறகும் விடுவதில்லை.

இந்த வருடம் பங்குனிக் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “காலை 7.20. ஆமத்தூர் வேகத்தடை. கம்பெனி வேன் மீது கார் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை. பெரிய காயம் யாருக்கும் இல்லை.”

அன்றிலிருந்து ஆடி பதினெட்டு தாண்டும்வரை என் மனைவி அந்தக் காரில் ஏறவில்லை.

அவள் ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். பதினெட்டு வருட வேலை. விருதுநகரில் எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி வேன் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை சமையல் எரிவாயு பாதியில் தீர்ந்துபோய், சிலிண்டர் மாற்றி முடிப்பதற்குள் வேன் போய்விட்டது. நானும் அதே சாலையில்தான் சிவகாசிக்குப் போகிறேன் என்பதால் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியில் வேனைப் பிடித்துவிட்டால் மாறிக்கொள்வேன் என்றாள்.

ஆமத்தூருக்குச் சற்று முன்னால் வேன் தெரிந்தது. அதன் பின் கண்ணாடியில் வெயிலுக்காக ஒரு மாதக் காலண்டர் தாளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அச்சகக் கழிவுத் தாள்தான் எங்களுக்கு அலமாரி விரிப்பு, பள்ளிப் புத்தக அட்டை, வடை மடிக்கிற காகிதம், வண்டிக்குத் திரை. நான் மட்டும் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் செவ்வாய்க்கு நேரே பதினேழு. புதனுக்கு நேரேயும் பதினேழு. அடுத்தது பத்தொன்பது. பதினெட்டைக் காணோம்.

அச்சடித்தது யார் என்பது இப்படிப்பட்ட தாளின் கீழ் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். அது எங்கள் அச்சகத்தின் பெயராக இருந்தால் அந்தப் பதினேழு என் கண்ணைத் தாண்டிப் போனது என்று அர்த்தம். எனக்கு அது உடனே தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. படிப்பதற்காகக் காரைக் கிட்டத்தில் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். “வேன் நிக்குதுங்க” என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது. அது ஒரு செய்தி என்பது புரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் காலை வைத்தேன். பிரேக் நன்றாகவே பிடித்தது. வைக்கத்தான் தாமதம்.

வேனுக்குள் பாத்திரங்கள் உருளும் சத்தமும் பெண்களின் கூச்சலும் கேட்டன. கடைசி இருக்கையில் இருந்த ஒரு பெண்ணுக்கு முன்கம்பியில் நெற்றி இடித்து நெல்லிக்காய் அளவு வீங்கிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. என் காரின் முன்பக்கம் நசுங்கி நின்றது. வேன் ஓட்டுநர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“கண்ணு எங்கன இருக்கு ஓய்? அம்புட்டுப் பேரும் பொம்பளையாளுக உள்ள.”

நான் சொன்னேன்: “பிரேக் பிடிக்கல.”

அவர் முகம் மாறியதை இன்றைக்கும் எழுதிக் காட்ட முடியும். கோபம் அப்படியே வடிந்து, தொழில் தெரிந்தவனின் கவலை வந்தது. குனிந்து என் முன் சக்கரத்தைப் பார்த்தார். பெடல் உள்ளே போய்விட்டதா, கல் மாதிரி நின்றதா என்று கேட்டார். எனக்கு நினைவில்லை என்றேன். பக்கத்தில் யார் என்று அப்போதுதான் பார்த்து, “அட, அக்காவா” என்றார். “நல்லவேளை அண்ணாச்சி, எங்க வண்டியோட போச்சு. எதுத்தாப்புல லாரி வந்திருந்தா?”

மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அன்று மாலை வீட்டுக்கும் வேனிலேயே வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போக நான் காரை எடுத்தபோது, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். அதற்கடுத்த வாரமும் பஸ். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு நான் காரிலும் அவள் ரயிலிலும் போய், மண்டப வாசலில் சந்தித்துக்கொண்டோம்.

வேன் ஓட்டுநர் மட்டும் என்னை விடுவதாக இல்லை. தெருமுனையில் பார்க்கும்போதெல்லாம் பிரேக் என்னாச்சு என்று கேட்பார். பார்த்தாயிற்று, சரியாகிவிட்டது என்று ஒருமுறை சொல்லி முடித்துவிடப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

“சரியாயிருந்தா அக்கா ஏன் ஏற மாட்டேங்குறாக? வேன்லதான வாராக இன்னமும். அவுகளுக்கு நம்பிக்கை வரலைன்னா என்னமோ பாக்கி இருக்குன்னுதான அர்த்தம்?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் திருத்துவதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தெரிந்தவர்களின் வண்டிகளைப் பழுது பார்ப்பார். என் கார் பழைய சின்னக் கார், அதுவும் கீழ் ரகம். முன் சக்கரங்களோடு சுழல்வது ஒற்றைத் தகடு டிஸ்க். இதே காரின் மேல் ரகத்தில் டிஸ்க் பெரியது, இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக வழி விட்டது, அதைக் கவ்வும் காலிப்பரும் அதற்கேற்பப் பெரியது. அதை மாற்றிவிட்டால் பிரேக்கைப் பற்றி ஜென்மத்துக்கும் கவலையில்லை என்றார். தாமே வந்து மாட்டித் தருவதாகவும் சொன்னார். அவர் வண்டியை இடித்தவன் நான். என் பிரேக்குக்காக அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது, மதுரையில் ஒரு கடையில் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு யோசித்ததுண்டு. இரும்பை மாற்றிவிட்டால் வாக்கியமும் சரியாகிவிடும் என்று எங்கோ நம்பியிருக்கிறேன். பழுது பார்த்த பிறகு, பழுது இருந்ததாகத்தானே ஆகும்? அவளும் ஏறிவிடுவாள், நானும் ஒன்றும் சொல்ல வேண்டியிராது.

ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பங்கள் வெளியாகும். அதுவரை எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் ஓட்டுநர் கருவிப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் சிமெண்டுத் தளத்தில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கிகளில் உட்காரவைத்தோம். பெரிய டிஸ்க்குக்குப் பழைய சக்கரம் பொருந்தாது, ஒரு அங்குலம் பெரிய சக்கரம் வேண்டும் என்று படித்து அதையும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு வாரமாக இரவில் நான் படித்ததெல்லாம் இதுதான். நோட்டில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல சாப்பாட்டு நேரம் மட்டும் போடலையே அண்ணாச்சி” என்றார்.

வேலை நான் நினைத்ததைவிட அமைதியானது. காலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருக்கும் இரும்புக் கை. பெடலை அமுக்கினால் குழாயில் இருக்கும் ஆயில் அந்தக் கையை இறுக்கும். கைக்குள் இருக்கும் பேட் என்கிற இரண்டு கட்டைகள் ஓடும் டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும். பின்னால் இருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றியதும் காலிப்பர் கையோடு வந்தது. அதைக் குழாயில் தொங்கவிடக் கூடாது என்று கம்பியால் கட்டி வைத்தார். டிஸ்க் மட்டும் துருவேறிச் சக்கர அச்சோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். கடைசித் தட்டுக்கு அது தானாகவே கழன்று என் மடியில் விழுந்தது.

பழைய பேடுகளை அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் கனத்தை அளந்தார். மற்ற சக்கரத்தையும் கழற்றி அதன் பேடுகளைப் பார்த்தார். பழைய டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

“அம்புட்டுப் பேடும் அப்படியே இருக்கே அண்ணாச்சி. டிஸ்க்கு கண்ணாடி கணக்கா இருக்கு. இதுவா பிடிக்கல?”

நான் அச்சைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன். புதிய டிஸ்க்குகளில் துரு ஏறாமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயைத் துடைத்தோம். ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமிருந்தாலும் பேட் வழுக்கும். டிஸ்க்கை மாட்டி, காலிப்பரைப் பொருத்தி, ஆயில் குழாயைப் புதுச் செம்பு வளையங்களோடு முடுக்கினார். பதினொன்றரை மணிக்கு இரண்டு பக்கமும் முடிந்தது.

இனி ஏர் எடுக்க வேண்டும். குழாயைப் பிரித்ததால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. காற்றுக் குமிழ் ஒன்று இருந்தாலும் பெடல் பஞ்சுபோல் இருக்கும். இதற்கு மூன்று பேர் வேண்டும். சக்கரத்தருகே ஒருவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் மேலே ஆயில் குறையாமல் ஊற்ற வேண்டும். மூன்றாமவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். நான் யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அவர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அக்கா, ஒரு கை குடுங்க. கை இல்ல, கால்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காரைப் பார்த்தாள். சக்கரமில்லாமல் தாங்கியில் நின்ற கார் எங்கேயும் போகாது என்பதாலோ என்னவோ, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை.

“நான் அமுக்குங்கன்னா அமுக்கி அப்படியே பிடிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்திராதீக. எடுத்தா வெளிக்காத்தை உள்ள இழுத்துரும்.”

“பேக்கிங்ல நான் இதவிடக் கஷ்டமானதெல்லாம் பிடிச்சிருக்கேன் தம்பி. நீங்க சொல்லுங்க.”

அமுக்குங்க என்பார் அவர். பிடிச்சிருக்கேன் என்பாள் அவள். கீழே போத்தலில் குமிழ் குமிழாக ஆயில் இறங்கும். அவர் திருகை மூடிவிட்டு விடுங்க என்பார். நான் மேலே நின்று ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிடி, விடு, பிடி, விடு. ஐந்தாறு முறைக்குப் பிறகு எனக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. பிடிப்பது என்பதற்கு அகராதிகளில் எத்தனை பொருள் உண்டென்று எனக்கு ஓரளவு தெரியும். வேனைப் பிடிக்கலாம், மழை பிடிக்கலாம், ஒருவரை ஒருவருக்குப் பிடிக்கலாம். பிரேக் தானாகவும் பிடிக்கும், நாமும் பிரேக்கைப் பிடிப்போம். “பிரேக் பிடிக்கல” என்றால் இதில் எது என்று கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் இரும்பையே நினைத்தார்கள். அதை நம்பித்தான் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்.

வலது பக்கம் முடிந்து இடது பக்கமும் முடியப் போகிறது. ஓட்டுநர் தரையில் கிடந்தபடியே பேசினார்.

“பேடு நல்லாருக்கு. டிஸ்க்கு நல்லாருக்கு. குழாய்ல ஒழுக்கு இல்ல. ஆயில் அளவாதான் இருந்துச்சு. அப்ப கோளாறு ஆயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்லதான் அண்ணாச்சி. அதயும் இறக்கிப் பாத்திருவோம். அதப் பாக்காம நான் அக்காவ இதுல ஏறச் சொல்ல மாட்டேன். கடைசி சீட்டு அக்கா நெத்தி வீங்கினது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது... அமுக்குங்க.”

“பிடிச்சிருக்கேன்.”

இல்லாத கோளாறு ஒன்றைத் தேடி அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரப் போகிறார். நன்றாக இருக்கிற ஒன்றைப் பிரிக்கப் போகிறார். அதுவும் சரியாயிருந்தால் இன்னொன்று. ஆயில் டப்பாவைக் கீழே வைத்தேன்.

“மாஸ்டர் சிலிண்டர்ல ஒண்ணும் இல்ல” என்றேன். “அன்னைக்குப் பிரேக்கு பிடிக்கலைன்னு சொன்னேன்ல. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பிடிக்கல.”

அவர் திருகை மூடினார். ஸ்பேனரை வைத்துக் கடைசியாக ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். காருக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

“விடட்டுமா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “விடுங்கக்கா” என்றார்.

எதைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். இரண்டு பதினேழையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கழிவுத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“காலண்டரு படிக்கவா எங்க வண்டில வந்து மோதினீக? முன்னாடியே சொல்லிருந்தா கிழிச்சுக் கையிலயே குடுத்திருப்பேனே.” துணியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “நான் உங்களுக்காகப் பேசிருக்கேன் அண்ணாச்சி. அந்தக் கடைசி சீட்டு அக்காகிட்ட, பாவம் மிஷின் கோளாறு, மனுசர் மேல தப்பில்லைன்னு. அவுககிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

சொல்கிறேன் என்றேன். அவர் சக்கரங்களை மாட்டினார், வரிசை மாறாமல் போல்ட்டுகளை முடுக்கினார். சாப்பிடச் சொன்னோம். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது, புதுப் பேடுகள் டிஸ்க்கில் உட்கார வேண்டும், இன்றைக்கே வண்டியை எடுத்து, அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, இப்படிப் பத்துத் தடவை குறைக்க வேண்டும், நடுவில் எங்கேயும் பெடலை மிதித்தபடி நிற்கக் கூடாது என்று சொன்னார். என் நோட்டிலும் அது இருந்தது. ஆனாலும் அவர் மறக்காமல் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு நான் சாவியை எடுத்தபோது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “நானும் வாரேன்.”

காரில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டினோம். ஏன் அன்றைக்கே என்னைக் கேட்கவில்லை என்றேன்.

“நீங்க எழுதுறவுக. எழுதுவீகன்னு பாத்தேன். ராத்திரி டைரிய எடுத்துப் படிச்சேன்.”

“என்ன நினைச்ச?”

“எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆளைத்தான் காணோம்.”

ஆமத்தூர்ச் சாலையில் ஞாயிறு என்பதால் வேன்கள் இல்லை. அறுபதுக்குப் போய்ப் பத்துக்கு இறக்கினேன். மறுபடி அறுபது. பெரிய காலிப்பர் கவ்வும்போது நெஞ்சுப் பட்டை தோளில் இறுகியது. எட்டாவது தடவை கருகல் வாசம் வந்தது. முன் சக்கரத்தின் மேல் மெல்லியதாக ஒரு புகை.

“நிறுத்துங்க” என்றாள். பெடலை விட்டு, கியரிலேயே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கிக் கைப்பிரேக்கைப் போட்டேன். வண்டி முழுதாக நிற்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். கதவைச் சாத்தவில்லை, பையை எடுக்கவில்லை. காற்று வருகிற திசையைப் பார்த்து விறுவிறு என்று முப்பது அடி நடந்து நின்றாள். அவர்கள் கம்பெனியில் வருடா வருடம் சொல்லிக்கொடுப்பது அதுதான். வாசம் வந்தால் சாமானை எடுக்காதே, காரணம் கேட்காதே, காற்றை எதிர்த்துப் போ.

நாங்கள் நின்ற இடம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல். புகையைப் பார்த்த காவலாளி, கேட்டில் வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அந்த ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வாளி நிறைய மணல். சக்கரத்துக்கு நேரே வாளியைச் சாய்க்கப் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முப்பது அடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். “ஐயா, கொட்டிராதீக. புது பிரேக்கு. மண்ணு போனாக் கெட்டுரும்.”

அவர் வாளியைச் சாய்த்தபடியே நின்றார். புகையும்போது கொட்டாதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மனைவி திரும்பி வந்து, சக்கரத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். “மருந்து வாசம் இல்ல” என்று அவரிடம் உறுதியாகச் சொன்னாள். பட்டாசுக்குள் போகிறதை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். புதுப் பேடில் இருக்கிற பசை சூட்டில் வேகிற வாசம் இது, இரண்டொரு தடவைக்குப் பிறகு நின்றுவிடும் என்று நான் விளக்கினேன். காவலாளி தலையாட்டினார். ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. நாங்கள் கிளம்பிப் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டேதான் நின்றார்.

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“உரசக் கூடாது, இழுக்கக் கூடாது, புகைஞ்சா ஓடணும். பதினெட்டு வருசமா இதச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். இது உரசணுமாம், புகையணுமாம், நாம உள்ளயே உக்காந்திருக்கணுமாம்.”

“இறங்கிக்கிறியா?”

“இன்னும் ரெண்டு தடவை இருக்குல்ல. ஓட்டுங்க.”

பத்து முடிந்து, டிஸ்க் ஆறுவதற்காகப் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டினேன். திரும்பும்போது ஆமத்தூர் வேகத்தடை வந்தது. வெகு முன்பே வேகத்தைக் குறைத்து மெதுவாக ஏறி இறங்கினேன்.

“அந்தத் தாளு நம்ம வீட்டுல இருக்கு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“வேன்ல ஒட்டுறதுக்கு நான்தான் குடுத்தேன். நீங்க கொண்டாந்த கட்டுலருந்துதான். மிச்சத்த அரிசி டின்னுக்கு அடியில விரிச்சிருக்கேன்.”

வீட்டுக்கு வந்ததும் டின்னை நகர்த்திப் பார்த்தேன். இருந்தது. அதே மாதம், அதே மூன்றாவது வரிசை, இரண்டு பதினேழு. இரண்டாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டமும், ஓரத்தில் 18 என்ற எண்ணும். என் கையெழுத்துத்தான். கீழ் ஓரத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர். போன வருடத்துக்கு முந்திய வருடத்துச் சோதனைத் தாள் அது; வேனில் ஒட்டியது வட்டம் போடாத இன்னொரு பிரதி. நான் கண்டுபிடித்ததால்தான் கழிவுக்குப் போனது. திருத்தி முடித்த பிழையை மறுபடி பார்க்கத்தான் நான் அந்த வேன் மீது மோதியிருக்கிறேன்.

அந்த வருடத்து டைரியை எடுத்துத் தேடினேன். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையில் இருந்தது: “ஒரே மாதத்தில் இரண்டு 17. பார்த்தேன். திருத்தினேன்.” பார்த்தேன், திருத்தினேன். தமிழில் வினைச்சொல் செய்தவனை வாலில் கட்டிக்கொண்டே வரும். ‘ஏன்’ என்று முடிந்தால் நான், ‘ஆன்’ என்று முடிந்தால் அவன். இல்லை என்று வரும்போது மட்டும் அந்த வால் அறுந்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்பதை நானும் சொல்லலாம், அவனும் சொல்லலாம், இரும்பும் சொல்லலாம். மேலும் சில டைரிகளைப் புரட்டினேன். சரியாகச் செய்தவை ‘ஏன்’, ‘ஏன்’ என்று முடிந்திருந்தன. தவறியவை ‘கவனிக்கவில்லை’, ‘நேரம் கிடைக்கவில்லை’, ‘போக இயலவில்லை’ என்று ஆளில்லாமல் கிடந்தன. எத்தனை என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

இந்த வருடத்து டைரியில் பங்குனிச் செவ்வாய்க்கு வந்து, ‘பிரேக்’ என்பதற்கு முன்னால் விடுபட்ட சொல்லுக்கான குறி போட்டு, மேலே சிவப்பில் ‘நான்’ என்று எழுதினேன். ஓரத்தில் அன்றைய தேதியையும் போட்டேன். எப்போது திருத்தியது என்பதும் தெரிய வேண்டுமல்லவா.

மறுநாள் திங்கள்கிழமை ஆறு நாற்பதுக்குத் தெருமுனைக்குப் போய் நின்றேன். வேன் வந்தது. கடைசி இருக்கைப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னேன். இரண்டு பதினேழைப் பற்றிச் சொல்லவில்லை, பார்க்காமல் ஓட்டினேன் என்று மட்டும் சொன்னேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பிரேக்கே இல்லாத வண்டிக்கிட்டருந்து சாமி காப்பாத்திருச்சுன்னு தேங்கா உடைச்சேன். பிரேக்கு இருந்துச்சாக்கும்.” தலையை உள்ளே இழுத்துக்கொண்டவர் மறுபடி எட்டிப் பார்த்தார். “ஒரு தேங்கா நீங்க உடைச்சிருங்க. உங்களுக்காக இல்ல. எனக்காக.”

சரி என்றேன். என் மனைவி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காரில் வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வேலை நாளில் அவள் இடம் வேனில்தான். கூட்டாளிகள் அதில்தான் இருக்கிறார்கள். ஏறும்போது, “சாயங்காலம் தேங்கா வாங்கணும்ல, கம்பெனி வாசலுக்கு வந்துருங்க, சேந்து போவோம்” என்றாள். ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தாரா, கண்ணாடியைச் சரிசெய்தாரா என்று தெரியவில்லை.

கால்மணி கழித்து நானும் கிளம்பினேன். ஆமத்தூருக்கு முன்னால் அந்த வேனை மறுபடி கண்டேன். வேறு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் பழைய காலண்டர் தாள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அச்சு ஏதும் இல்லாத தாள். நான் நான்கு மின்கம்பம் பின்னாலேயே நின்று, அது புறப்பட்ட பிறகு புறப்பட்டேன்.